அங்காளம்மாளின் மஞ்சள் கயிறு

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், பேருந்துகள் வேளச்சேரிப் பக்கம் திரும்பும் இடத்தில், கம்பி வளைந்த ஒரு குடைக்குக் கீழே அங்காளம்மாள் மீன் விற்கிறாள். விடியும்போதே கோவளம் கரையில் ஏலம் எடுத்து, கேளம்பாக்கம் வந்து பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் கடையை விரித்துவிடுவாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் மஞ்சள் பூசிப் பூசித் தடித்துப்போன தாலிக்கயிறு. குனிந்து மீன் வெட்டும்போது தாலி முன்னால் வந்து ஆடும். புறங்கையால் அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு மறுபடி வெட்டுவாள்.

அந்தத் தாலிதான் எல்லார் கண்ணையும் உறுத்தியது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் கடல்ல... கேள்விப்பட்டேன். ரொம்ப நாளாச்சாமே? இன்னும் இதெல்லாம் வச்சிட்டிருக்கியே" என்று ஒருநாள் அடுக்குமாடி வீட்டு அம்மாள் ஒருத்தி இழுத்தாள்.

"என் நெத்தி, என் பொட்டு. உங்களுக்கு இன்னா, சங்கராவா, நெத்திலியா?"

அந்த அம்மாள் நெத்திலி வாங்கிக்கொண்டு போனாள்.

முந்தின வருஷம் ஐப்பசியில் நடந்தது அது. ஃபைபர் படகில் மூன்று பேர் போனார்கள். காற்று சுழற்றி அடித்துப் படகைக் கவிழ்த்தது. டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்த இருவரை வேறொரு படகு காப்பாற்றிக் கொண்டுவந்தது. அங்காளம்மாளின் புருஷன் பூவராகன் மட்டும் வரவில்லை. கரையோர ஊர்கள் எல்லாம் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு என்ன, அவர் போட்டிருந்த சட்டையின் ஒரு துண்டுகூட ஒதுங்கவில்லை.

இப்படிப் போனவர்களுக்கு, ஒரு காலம் பொறுத்திருந்துவிட்டு, உருவம் ஒன்று செய்து வைத்துக் காரியம் பண்ணிவிடுவது அந்தக் குடும்பங்களில் வழக்கம். அன்றைக்குக் கடற்கரையில் வைத்துப் பெண்டாட்டியின் தாலியை இறக்கிவிடுவார்கள். பெரியவர்கள் அங்காளம்மாளிடம் நாள் சொல்ல வந்தார்கள். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஒடம்பைக் காட்டுங்க, கழட்டறேன். காட்ட முடியாதுன்னா போயி வேற வேலை பாருங்க."

ஊர் வாயடைத்துத் திரும்பியது. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வாயடைக்கவில்லை. அவள் பூவராகனின் தங்கை ஜோதிலட்சுமி.

அதற்கும் ஒரு காரணம் வந்து சேர்ந்தது. அங்காளம்மாளின் ஒரே மகன் கார்த்தி, பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறான். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் சரிதாவை அவன் விரும்பினான். இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் சரிதாவின் அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"மாப்பிள்ளையோட அம்மாவை நாங்க என்ன கணக்குல மேடை ஏத்தறது? சுமங்கலியா, இல்லையா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல, தெளிவா இருக்கட்டும். காரியத்தை முடிங்க, தேதி வச்சிடலாம்."

கார்த்தி அம்மாவிடம் கெஞ்சினான். "யம்மா, எனுக்காக..."

"உனுக்காக உசுரக் கேளுடா, தரேன். இத மட்டும் கேக்காத."

கல்யாணம் அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் ஜோதிலட்சுமி கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்தாள். கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பறவைப் பூங்கா. பெரிய வலைக்கூண்டுக்குள் மனிதர்கள் நடக்கிறார்கள், வெளிநாட்டுக் கிளிகள் பறந்து வந்து தோளில் உட்காருகின்றன. உள்ளே போகும் முன் எல்லாரும் தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். பளபளப்பாக எதைக் கண்டாலும் அந்தக் கிளிகள் பிடுங்கிவிடுமாம்.

ஜோதிக்குப் பொறி தட்டியது. அவர்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றும்போதுகூட, புதுக்கயிறு கழுத்தில் ஏறின பிறகுதான் பழையது இறங்கும். வெறுங்கழுத்தாக ஒரு நொடி இருக்கக் கூடாது. ஒருத்தி தன் கையாலேயே தாலியைக் கழற்றிவிட்டால், கட்டினவன் கைதான் அதை மறுபடி ஏற்ற வேண்டும். கட்டினவன் இல்லையென்றால், ஏறாது. அவ்வளவுதான்.

"யாரும் கை வைக்க வேணாம்டா" என்றாள் கார்த்தியிடம். "பாவம் நம்ப தலையில வராது. அவங்க கையால அவங்களே கழட்டிடுவாங்க. அப்பறம் நான் பேசிக்கறேன்."

கார்த்தி தலையைக் குனிந்துகொண்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெற்ற வயிறு எரியும் என்று தெரிந்தும் சொல்லவில்லை!

புரட்டாசி மாதம். மீன் வியாபாரம் படுத்துக்கொள்ளும் மாதம். "சரிதாவோட நாலு எடம் போயிப் பழகணும்ல, வாம்மா" என்று மகன் கூப்பிட்டபோது அங்காளம்மாள் சந்தேகப்படவில்லை. ஆடிப்பெருக்கில் மாற்றின கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் தேய்த்துக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, காரில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஜோதியும் சரிதாவும் பின்னால்.

பூங்காவில் முதலில் நெருப்புக்கோழி பார்த்தார்கள். "இன்னாடா இது, லாரி டிரைவர் மாதிரி முறைக்குது" என்றாள் அங்காளம்மாள். சரிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு வலைக்கூண்டின் வாசலுக்கு வந்தார்கள். அங்கே பறவைகளைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர் ஆபேல் நின்றிருந்தார்.

"அம்மா, தோடு, மூக்குத்தி, செயின் எல்லாம் கழட்டி லாக்கர்ல வச்சிடுங்க. உள்ள பறவைங்க ஃப்ரீயா பறக்கும். பளபளன்னு எதைப் பாத்தாலும் கொட்டைன்னு நினைச்சிக் கடிக்கும்."

சரிதா காதில் இருந்ததைக் கழற்றினாள். அங்காளம்மாளும் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மூக்குத்தியையும் திருகி எடுத்தாள்.

"அதுவும்மா" என்று ஆபேல் கழுத்தைப் பார்த்துத் தயங்கிச் சொன்னார்.

"தாலியா?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. அஞ்சு நிமிஷம், வெளிய வந்ததும் போட்டுக்கலாம்."

அந்த நேரம் பார்த்து ஜோதிலட்சுமி கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு வெள்ளிச் சிமிழை எடுத்தாள். உள்ளே மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது.

"அண்ணி, லாக்கர்ல எதுக்கு? இதுல வையுங்க. நான் பத்திரமா வச்சிக்கறேன்."

அங்காளம்மாள் சிமிழைப் பார்த்தாள். ஜோதியைப் பார்த்தாள். மறுபடி சிமிழைப் பார்த்தாள்.

"இந்த மனுசன் இப்பதானே கழட்டச் சொன்னாரு. உனுக்கு வூட்லயே தெரியுமா?"

ஜோதி சிமிழைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரி, உன்னுது எங்க வைக்கப் போற? உன் கழுத்துலயும் ஒண்ணு கீதே!"

"எனுக்கு... பறவைன்னா பயம் அண்ணி. நான் வெளியவே நிக்கறேன்."

"ஓஹோ! உன்னுது பத்திரமா வெளிய நிக்கும். என்னுது சிமிழுக்குள்ள போயிப் படுத்துக்கும். நல்லாக்கீதுடி உன் பிளானு!" அவள் மெல்லத் திரும்பினாள். "கார்த்தி, உனுக்குத் தெரியுமா?"

மகன் தரையைப் பார்த்தான். வேறு பதில் எதற்கு? கட்டினவனைக் கடல் கொண்டுபோனபோதுகூட அவள் இப்படி நிற்கவில்லை. பெற்ற பிள்ளையின் குனிந்த தலையைப் பார்த்தபடி, ஆயிரம் பேர் நடமாடும் அந்த இடத்தில் அவள் தனியாக நின்றாள்.

அழவில்லை. நிமிர்ந்தாள்.

"தம்பி, கதவைத் தொற" என்றாள் ஆபேலிடம்.

"அம்மா, அதைக் கழட்டாம..."

"கழட்ட மாட்டேன். ரவிக்கைக்குள்ள போட்டு முந்தானையை இழுத்து மூடிக்கறேன். கடிச்சா என்னைத்தானே கடிக்கப் போவுது? கடிக்கட்டும்."

"ரிஸ்க்குமா."

"நான் பாக்காத ரிஸ்க்கா? உங்க மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தொற."

ஆபேல் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் சூரியகாந்தி விதை போட்டுக் கையில் கொடுத்தார். "நான் பக்கத்துலயே நிக்கறேன். பயந்து கையை உதறாதீங்க. அதுவும் பயந்துடும்."

கார்த்தியும் சரிதாவும் பின்னால் வந்தார்கள். ஜோதி வலைக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மரக்கிளைகளில் பச்சையும் சிவப்புமாய் ஒரே கூச்சல். மீன் ஏலமே தேவலை என்று தோன்றியது அங்காளம்மாளுக்கு. அவள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே காற்று கிழியும் சத்தம். பளிச்சென்று நீலமும் மஞ்சளுமாக ஒரு பஞ்சவர்ணக்கிளி இறங்கி அவள் முன்கையில் உட்கார்ந்தது.

"யம்மாடி! நல்ல வவ்வால் மீனு கனம் கீதுபா!"

கால் விரல்கள் இரண்டு முன்னாலும் இரண்டு பின்னாலுமாகத் தோலைப் பற்றிக்கொண்டன. காய்ந்த ரப்பர் போல வெதுவெதுப்பாக இருந்தன. வெள்ளை முகத்தில் மையால் இழுத்தாற்போல் சின்னச் சின்னக் கோடுகள். கறுத்த நாக்கால் ஒரு விதையை உருட்டி, அலகின் நுனியில் நிறுத்தி, தோலை மட்டும் உரித்துத் துப்பியது. அதன் கண்மணி சட்டென்று கடுகளவு சுருங்கி மறுபடி விரிந்தது. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா பாக்கற? உன் புருசன் எங்கன்னு நீயும் கேக்கப் போறியா?"

கிளி தலையைத் தலைகீழாகச் சாய்த்தது. அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தோள் குலுங்க, கிண்ணத்திலிருந்து விதை சிந்தச் சிரித்தாள். கார்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தான். அந்த ஐப்பசிக்குப் பிறகு அம்மாவின் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை.

அந்தச் சிரிப்பில்தான் முந்தானை நழுவியது.

தாலி வெளியே வந்து ஆடியது. புது மஞ்சள் வெயிலில் மின்னியது. கிளி ஒரே தாவலில் தோளுக்கு ஏறியது. ஆபேல் கை நீட்டுவதற்குள், 'டப்' என்ற சின்னச் சத்தம்.

கயிறு அறுந்துவிட்டது.

கயிற்றின் இரண்டு முனையும் தொங்க, தாலி கிளியின் அலகில் இருந்தது. சரிதா வீரிட்டாள்.

"இழுக்காதீங்கம்மா! இழுத்தா முழுங்கிடும்!" என்றார் ஆபேல்.

அங்காளம்மாள் இழுக்கவில்லை, கத்தவுமில்லை. கண்ணுக்குக் கண் கிளியைப் பார்த்தாள். ஒரு கையில் மீதி விதைகளைக் கொட்டிக்கொண்டு, கிண்ணத்தைக் கீழே விட்டுவிட்டு, மறு கையைத் தாலிக்குக் கீழே விரித்துப் பிடித்தாள்.

"குடு. அது தின்ற பொருள் இல்ல. இந்தா, இதுதான் தின்றது. அதைக் குடு."

ஒரு கணம். கண்மணி சுருங்கியது. விரிந்தது. கிளி அலகைத் திறந்து விதையைக் கொத்தியது. தாலி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அதற்குள் ஜோதிலட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்திருந்தாள். பறவைப் பயமும் இல்லை, தன் கழுத்தில் தாலி தொங்குகிற நினைப்பும் இல்லை.

"பாத்தீங்களா அண்ணி! பாத்தீங்களா! மனுசங்க சொன்னா கேக்கலையே, அந்த ஆத்தாவே வாயில்லாத ஜீவனை அனுப்பிக்கீது! அண்ணன் போயிடுச்சு. போயிடுச்சுன்னு சொல்லிக்கினு வந்து அறுத்துட்டுப் போவுது! இனிமேலும் அடம் புடிக்கலாமா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்காளம்மாளின் கழுத்து வெறுமையாக இருந்தது. கயிறு கிடந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு மட்டும். அந்த ஒரு நொடியில் அவளுக்கும் உள்ளே ஏதோ ஆடித்தான் போயிற்று. கடலின் இரைச்சல் காதில் கேட்டது.

அவள் கிளியைப் பார்த்தாள். அது இன்னும் அவள் தோளிலேயே இருந்தது. அவள் கையிலிருந்து விதை எடுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஏண்டி, இதுக்கு இன்னாடி தெரியும்?" என்றாள். "பாதாம்னு நினைச்சிக் கடிச்சிது. உனுக்கு ஆத்தா வந்து சொன்ன மாதிரி கீதா? ஆத்தாவுக்கு எங்கிட்ட பேசணும்னா என் வூடு தெரியாதா? டிக்கெட் வாங்கிக்கினு இங்க வந்துதான் பேசுமா?"

ஆபேல் கிளியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். அங்காளம்மாள் அறுந்த முனைகளை ஒன்றாகச் சேர்த்தாள்.

"அண்ணி, வேணாம்! கட்டினவரு கைதான்..."

"கட்டினவரு ஒரு முடிச்சுதான் போட்டாரு. மீதி ரெண்டு முடிச்சு யார் போட்டது? நாத்தனார்னு சொல்லி நீதானேடி போட்ட? பின்னால நின்னுக்கினு, என் முடியை வேற சேர்த்துக் கட்டினியே! அந்தக் கையாலதான் இன்னிக்கு சிமிழ் தூக்கிக்கினு வந்த." கயிற்றைக் கழுத்தைச் சுற்றி எடுத்துவந்தாள். "மறுபடி போடுறியா, நானே போட்டுக்கட்டுமா?"

ஜோதியின் கைகள் எழவில்லை.

அங்காளம்மாளே போட்டாள். அத்தனை பேர் பார்க்க, தன் தாலியைத் தானே கட்டிக்கொண்டாள். முதல் முடிச்சு. இரண்டாம் முடிச்சு. மூன்றாவதை வலை பின்னுகிறவர்கள் இழுப்பதுபோல் சுண்டி இழுத்து இறுக்கினாள். தாலியை ரவிக்கைக்குள் மறைக்காமல், புடவைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டாள்.

ஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடமிருந்து வந்த அழுகை அதுவரை யாரும் கேட்காத அழுகையாக இருந்தது.

"எனுக்கு எங்க அண்ணனுக்கு அழணும் அண்ணி! நீ பொட்டும் பூவுமா நின்னுக்கினு கீறப்போ நான் எப்பிடி அழறது? ஒரு தபா ஒப்பாரி வச்சி அழ விட மாட்டேன்றியே! அந்தக் காரியம் நடந்தாதானே நான் அழ முடியும்!"

அங்காளம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. கல்யாண அவசரம், ஊர்ப் பேச்சு, சம்பந்தி வீட்டு கௌரவம் என்றெல்லாம்தான் நினைத்திருந்தாள். இவளுக்குள்ளும் ஒரு கடல் இப்படி அடித்துக்கொண்டு கிடந்ததா? அவள் குனிந்து நாத்தனாரின் தோளைப் பற்றினாள். பற்றிய கை மென்மையாக இருந்தது. வார்த்தை மென்மையாக இல்லை.

"அழு. யாரு வேணான்னா? நடு வூட்ல உக்காந்து மாரடிச்சிக்கினு அழு, நான் கதவைச் சாத்திக்கினு போறேன். ஆனா நீ அழறதுக்கு என் கழுத்து எதுக்குடி மொட்டையாவணும்? நானும் ஒருநாள் உன்னோட சேந்து அழுவேன். அது எந்த நாளுன்னு நான் சொல்லுவேன். நீ சொல்லாத. ஊரும் சொல்ல வேணாம்."

ஜோதி அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சரிதாவின் கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்ததும் அந்தப் பெண் தயங்கினாள். "எங்க அம்மா... என்ன ஆச்சுன்னு கேக்கத்தான்..."

அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்க அங்கேயும் ஒருத்தி காத்திருக்கிறாளா? அங்காளம்மாள் கையை நீட்டினாள்.

"குடு."

"அத்தை..."

"குடும்மா. உன்னைத் திட்டல." வாங்கிக் காதில் வைத்தாள். "சம்பந்தி அம்மா, நான்தான் அங்காளம்மா பேசறேன். தெளிவா சொல்லணும்னு கேட்டீங்கல்ல, சொல்றேன், கேட்டுக்கோங்க. அவரு வருவாரான்னு எனுக்குத் தெரியாது. வரவே மாட்டாருன்னும் தெரியாது. நான் பூவராகன் பொஞ்சாதின்றது மட்டும் தெரியும். அந்தப் பேர்லதான் மேடை ஏறுவேன். தாலியோட, பூவோட, முன் வரிசையில. உங்க சொந்தக்காரங்க யாருன்னா கேட்டாங்கன்னா எங்கிட்ட அனுப்புங்க, நான் பதில் சொல்லிக்கறேன். இதுக்கு ஒத்துக்கினா தேதி வையுங்க. ஒத்துக்கலைன்னா உங்க பொண்ணு சம்பாதிக்கிற பொண்ணு, அவளையே கேளுங்க."

கைப்பேசியை நீட்டினாள். சரிதா வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு உயர்ந்திருந்தது. சரிதா கார்த்தியைப் பார்த்தாள். அவன் கீழே சிந்திய விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே பேசினாள்.

"அம்மா, நைட் வந்து பேசறேன். தேதி எதுன்னு பேசலாம். அது மட்டும்தான் பேசுவேன். வச்சிடறேன்."

கார்த்தி அம்மாவின் அருகே வந்தான். "யம்மா, நான்..."

"உங்கிட்ட வூட்ல பேசிக்கறேன். சும்மா விடுவேன்னு நினைக்காத." அவன் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்தும் அவள் இரங்கவில்லை. ஆனால் கூட்டத்தில் தவறிப்போகாமல் இருக்க, பழக்கத்தில், அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபேல் அருகில் வந்து, "சாரிம்மா, நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்தார்.

"நீ இன்னா பண்ணுவ தம்பி? அது மேல எனுக்குக் கோவமே இல்ல. நல்லாத் தின்னட்டும்." கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த கடைசி விதைகளையும் தட்டிக் கொடுத்தாள். பிறகு ஜோதியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "எழுந்திருடி. மூக்கைத் தொடை. கூழைக்கடா கீதுன்னு போர்டு போட்டுக்கீறான். அதுக்கு என்னா மீனு போடறானுங்கன்னு பாத்துட்டுப் போலாம் வா."

தாலி புடவைக்கு மேலே ஆட, அங்காளம்மாள் முன்னால் நடந்தாள்.